கத்திரி வெயிலில் எங்கள் வேன் பிரிட்ஜ் மூச்சு முட்டிய கதை

நாற்பத்தைந்து கிலோமீட்டர் போவதற்கு ஒரு வீட்டையே இழுத்துக்கொண்டு கிளம்புகிற குடும்பம் இந்தப் பக்கத்தில் எங்களைத் தவிர வேறு இருக்காது. சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். போகப் போக அவ்வளவாகச் சிரிப்பு வராது.

போன மே மாதம், கத்திரி வெயில் நடுவில் ஒரு சனிக்கிழமை. என் நாத்தனார் கலாவின் மகளுக்கு மறுநாள் காலை பத்தரைக்குக் காதுகுத்து. அவர்கள் ஊர் உத்திரமேரூர் தாண்டி மானாம்பதி பக்கம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். அந்த ஒரே தாய்மாமன் எங்கள் வீட்டுக்காரர். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு நாங்கள் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஏன் என்று சொன்னால்தான் பிரிட்ஜ் சமாச்சாரம் புரியும்.

எனக்கு இரண்டு பிள்ளைகள், மகேஷ், தினேஷ். இரண்டு பேருக்குமே பிறவியிலிருந்து ரத்தம் உறையாது. அடிபட்டால் ஒரு ஊசி மருந்து உடனே போட்டாக வேண்டும். ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தருகிறார்கள். ஆனால் இரண்டு டிகிரியிலிருந்து எட்டு டிகிரிக்குள் வைக்க வேண்டும். சூடானாலும் கெடும், உறைந்தாலும் கெடும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண மண்டபத்தில் மகேஷ் படியில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டான். மருந்து எங்கள் வீட்டு பிரிட்ஜில் இருந்தது. நாங்கள் அறுபது கிலோமீட்டர் தள்ளி இருந்தோம். அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. இதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு வாங்கியதுதான் இந்த வேன். பழைய பள்ளிக்கூட வண்டி, மஞ்சள் கலர். சீட்டையெல்லாம் எடுத்துவிட்டு இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, பேட்டரியில் ஓடுகிற ஐம்பது லிட்டர் பிரிட்ஜ், கூரை மேல் சோலார் தகடு. ஊர் சுற்ற வேன் வாங்கி அதில் பிரிட்ஜ் வைப்பார்கள். நாங்கள் பிரிட்ஜுக்காக வேன் வாங்கினோம். படுக்கையும் அடுப்பும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

காலை 9.20க்குத் தென்னேரியில் கிளம்பினோம். வீட்டுக்காரர் ஓட்டினார், தினேஷ் முன் சீட்டில், நான் பின்னால் பிரிட்ஜுக்குக் காவல். பிரிட்ஜுக்குள் இருநூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய ஒரு வெப்பமானி உண்டு. கிளம்பும்போது ஐந்து டிகிரி. வாலாஜாபாத்தில் டீசல் அடித்து (நானூறு ரூபாய்), வாழைத்தாரும் வாங்கும்போது 10.15. வெப்பமானி எட்டு காட்டியது. அரிசி மில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, பழையசீவரம் வந்து, பாலாறு பாலத்தில் ஏறித் திருமுக்கூடல் இறங்கும்போது பதினொன்று.

"இன்னாங்க, ஓரமா நிறுத்துங்க. பதினொண்ணு காட்டுது."

"நானும் வாட்ச் பார்த்துக்கினுதான் வரேன். மணி பதினொண்ணுதான்."

"மணி இல்லீங்க, டிகிரி!"

பாலத்தைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். குளிரைக் கூட்டுகிற திருகியைக் கடைசி எண்ணுக்குத் திருப்பினார். பிரிட்ஜின் தலையில் இரண்டு தட்டு தட்டினார். "மாடா அது, தட்டிக்குடுத்தா நடக்க?" என்றேன். தினேஷ் சாக்கை நனைத்து வண்டிக் கூரையில் போட்டான். அரை மணி நேரம் பார்த்தோம். பன்னிரண்டு டிகிரி ஆனது. சாக்கு காய்ந்ததுதான் மிச்சம்.

உள்ளே நாலு குப்பி மருந்து. ஆஸ்பத்திரியில் எங்களுக்குத் தெரிந்த நர்ஸுக்குப் போன் போட்டேன். "பதறாதீங்கம்மா. எத்தனை மணிக்கு எத்தனை டிகிரின்னு ஒரு தாள்ல எழுதுங்க. அட்டையில போட்டிருக்கிற அளவைப் படிங்க" என்றது அந்தப் பொண்ணு. எட்டு டிகிரிக்கு மேலே போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் என்று மருந்து அட்டையில் இருந்ததைத் தினேஷ் படித்துச் சொன்னான். "அப்போ இன்னும் கெடல. ஆனா இதுக்கு மேல சூடேற வுடாதீங்க. ஐஸ் மேல நேரா வைக்காதீங்க, உறைஞ்சா போச்சு. திங்கக்கிழமை எடுத்துக்கினு வாங்க, டாக்டர் பார்க்கட்டும்."

கலா வீட்டில் பிரிட்ஜ் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. விசேஷ வீட்டு பிரிட்ஜ், நிமிஷத்துக்கு ஒரு கை திறக்கும். மருந்தைப் பூக்கூடைக்கு அடியில் தேட வேண்டியிருக்கும். போதாததற்கு அன்றைக்குக் காலையிலிருந்து அங்கே கரண்ட் இல்லை என்று போன் வந்திருந்தது.

"திரும்பிடலாம்" என்றார் வீட்டுக்காரர். அவ்வளவுதான் சொன்னார். அவர் தங்கச்சிப் பிள்ளை நாளைக்கு யார் மடியில் உட்காரும் என்று நான் கேட்கவில்லை. தினேஷ்தான், "நைனா, உத்திரமேரூர்ல மெக்கானிக் யாராச்சும் இருப்பாங்க. பார்த்துட்டு திரும்பலாம்" என்றான்.

உத்திரமேரூர் போய்ச் சேரும்போது மணி 12.40, வெப்பமானி பதினான்கு. முதலில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நாற்பது ரூபாய்க்கு ஐஸ் வாங்கி, தெர்மோகோல் பெட்டியில் ஐஸ், அதன் மேல் மடித்த துண்டு, அதன் மேல் மருந்து என்று மாற்றினோம். பெட்டி சாயங்காலம் வரை தாங்கும். ராத்திரிக்குத் தாங்காது.

பிரிட்ஜ் மெக்கானிக் பேர் சீனு, நாற்பது வயசு இருக்கும். டீக்கடை பிரிட்ஜ், ஐஸ்கிரீம் பெட்டி எல்லாம் ரிப்பேர் செய்கிறவர். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் மருந்து விஷயம் கேட்டதும் பாதியில் கை கழுவிவிட்டு வந்தார். வேன் உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, வூட்டையே எடுத்துக்கினு வந்துகிறீங்க?" என்றார்.

"வாடகை குடுக்கிற மாதிரி இருந்தா நீயும் வந்து இரு தம்பி."

பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற மெஷினைத் தொட்டுப் பார்த்தார். அடுப்பு மாதிரி கொதித்தது. "மெஷின் நல்லா கீதுக்கா. இது குளிரைச் செய்யறது இல்ல. உள்ள கீற சூட்டை எடுத்துப் பின்னாடி போடும். பின்னாடி போட்ட சூடு வெளிய போவணுமே, வழி கீதா?"

"வழி வெச்சுதான் கட்டினாங்க. போன வருசம் இதே வெயில்ல நல்லாத்தான் இருந்துச்சு."

"போன வருசத்துக்கும் இந்த வருசத்துக்கும் நடுவுல இன்னா மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தல" என்று நானும் வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில் சொன்னோம். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் நாங்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். அதுவும் தப்பு.

சீனு கடைக்குப் போய், சாமி படத்துக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த ஊதுபத்தி ஒன்றை எடுத்து வந்தார். எங்கள் வண்டியின் இடது பக்கத்தில், பிரிட்ஜுக்குப் பின்னால், கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு கம்பி ஜன்னல் உண்டு. கீழ் ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று போய், மேல் ஜன்னல் வழியாகச் சூடான காற்று வர வேண்டும். ஊதுபத்தியைக் கீழ் ஜன்னலருகே பிடித்தார். புகை உள்ளே இழுபட வேண்டும். அது பாட்டுக்கு நேராக மேலே போனது. விரலை விட்டு நெம்பினார். கறுப்பாக ஒரு துணி வந்தது.

என் பழைய புடவை. தை மாசம் எங்கள் ஊரில் நெல் அறுக்கிற மெஷின் ஓடும்போது, தூசி பிரிட்ஜுக்குப் போகக் கூடாதென்று நானே மடித்துச் சொருகியது. சுத்தமாக மறந்தே போனேன். ஒரு மனுஷரை முப்பது வருஷமாகக் கேலி செய்கிற வாய் அன்றைக்குத் திறக்கவில்லை.

"மேல் ஜன்னல் எங்கக்கா?" என்றார் சீனு.

மேல் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டடிக்கு ஓரடித் தகர போர்டு இருந்தது. சிவப்பு எழுத்தில் 'மகேஷ்'. வண்டிக்குப் பேர். அதுவும் தை மாசம்தான், அவன் திதி அன்றைக்கு வீட்டுக்காரர் எழுதி வாங்கிவந்து, எட்டு ஸ்குரூ போட்டு முடுக்கியது. வண்டியில் கண்ணாடி இல்லாத இடம் அது ஒன்றுதான். கம்பி ஜன்னல் அசிங்கமாகத் தெரிகிறது, போர்டு மறைத்தால் அழகாக இருக்கும் என்றார். தையிலும் மாசியிலும் குளிர் இருந்ததால் பிரிட்ஜ் தாக்குப் பிடித்திருக்கிறது. அதற்கப்புறம் வண்டியை வெயிலில் எடுத்தது அன்றைக்குத்தான்.

சீனு ஊதுபத்தியைப் போர்டுக்கு அடியில் பிடித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் என் பிள்ளை பேருக்கு முன்னால் ஒருத்தர் ஊதுபத்தி பிடித்து நிற்கிற மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இதான் அடைச்சிக்கினு கீது. கழட்டிடலாமா? யாரு இது மகேஷு, ஓனரா?"

"அத்தக் கழட்ட முடியாது" என்றார் வீட்டுக்காரர்.

"எட்டு ஸ்குரூதான் சார்."

"கழட்ட முடியாதுன்றேன் இல்ல."

சீனு என்னைப் பார்த்தார். நான் தினேஷைப் பார்த்தேன். நடு வெயிலில் நாலு பேரும் நின்றோம். தெர்மோகோல் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு இரண்டு பிள்ளையும் பிள்ளைதான். யார் பக்கம் பேசுவது?

தினேஷ்தான் பேசினான். "நைனா, அண்ணன் இருந்தப்பவும் பிரிட்ஜ் கதவைத் திறந்துட்டு மூட மாட்டான். தண்ணி பாட்டிலை எடுப்பான், அப்படியே போயிடுவான். நீ கத்திக்கினே பின்னாடி வருவ. இப்பவும் அதே வேலையைத்தான் பண்ணிக்கினு கீறான்."

வீட்டுக்காரர் சிரித்தார். சிரித்தபடியே வண்டிச் சக்கரத்தின் மேல் கை ஊன்றிக் குனிந்துகொண்டார். வெகு நேரம் நிமிரவில்லை. சீனுவுக்குப் புரிந்துவிட்டது. ஸ்குரூ டிரைவரை நீட்டினார். எட்டு ஸ்குரூவையும் வீட்டுக்காரரே கழற்றினார். போர்டு இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் புது மஞ்சளாக இருந்தது. அதன் நடுவில் கம்பி ஜன்னல். கழற்றிய அந்த நொடியே குப்பென்று ஒரு சூடு முகத்தில் அடித்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் சின்ன வேலைகள். பிரிட்ஜ் முதுகுக்கும் வண்டிச் சுவர்ப் பலகைக்கும் நடுவே ஒரு விரல்தான் இடைவெளி இருந்தது, மூன்று விரல் வரும்படி சீனு முன்னால் தள்ளினார். கம்ப்யூட்டரில் போடுகிற சின்ன மின்விசிறி ஒன்றை மேல் ஜன்னலுக்குக் கீழே, காற்றை வெளியே தள்ளுகிற மாதிரி மாட்டினார் (விசிறி 280, கொசுவலைக் கம்பி 60, கூலி 500). கூலியை வாங்க மாட்டேன் என்றார். "அப்போ நாளைக்குக் காதுகுத்துச் சாப்பாட்டுக்கு வந்து மொய் எழுது" என்று நான் பயமுறுத்தியதும் வாங்கிக்கொண்டார். மறுபடியும் ஊதுபத்தி. புகை கீழ் ஜன்னலில் நூல் பிடித்த மாதிரி உள்ளே போனது.

வண்டியைத் திருப்பி, பிரிட்ஜ் பக்கம் கடை நிழலில் இருக்கும்படி நிறுத்தினோம். 2.30க்குப் பதின்மூன்று. 3.30க்கு ஒன்பது. 4.45க்கு ஆறு. அப்புறம்தான் மருந்தைத் திரும்ப உள்ளே வைத்தோம். ஊதுபத்தி போட்ட ஊரில் சாமி கும்பிடாமல் போகக் கூடாதென்று கோயிலுக்குப் போய்விட்டு, ஆறு மணிக்குக் கலா வீடு சேர்ந்தோம். போகிற வழியெல்லாம் தினேஷ் அந்தப் போர்டை மடியில் வைத்திருந்தான்.

மறுநாள் காலை பத்தரைக்குப் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து ஊரையே கூட்டியது. வெப்பமானி ஐந்து. திங்கட்கிழமை டாக்டர் தாளைப் பார்த்தார், மருந்தைப் பார்த்தார், பயன்படுத்தலாம் என்று சொன்னார்.

உங்கள் வேனிலும் பிரிட்ஜ் இருந்தால் இதைக் கேளுங்கள். நான் ஐந்தாவதுதான் படித்தவள், எழுத்துப் பிழை தினேஷ் திருத்துகிறான், ஆனால் இது பட்டுத் தெரிந்தது. வெயில் காலம் தொடங்கும் முன் பிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து பாருங்கள், நீங்களே எதையாவது சொருகியிருப்பீர்கள். ஜன்னல் மேல் பேர், படம், ஸ்டிக்கர் எதுவும் வேண்டாம். தூசிக்குப் பயந்தால் கொசுவலைக் கம்பி போடுங்கள், மாதம் ஒருமுறை தட்டுங்கள். முந்தின ராத்திரியே பிரிட்ஜைப் போட்டுக் குளிர வைத்துவிட்டுக் கிளம்புங்கள். உள்ளே சாமான்களை அடைக்காதீர்கள், காலியாகவும் விடாதீர்கள், நாலு தண்ணீர் பாட்டில் இருந்தால் குளிர் நிற்கும். கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள், லேசாக வந்தால் ரப்பர் போய்விட்டது. மருந்து வைப்பவர்கள் கதவிலும் வைக்காதீர்கள், உறைகிற தட்டுக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். ஒரு ஐஸ் பெட்டி எப்போதும் கூடவே இருக்கட்டும். சூடாகிவிட்டால் நீங்களாக முடிவெடுக்காமல் ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

போர்டு இப்போது வண்டிக்கு உள்ளே, பிரிட்ஜுக்கு மேலே இருக்கிறது. கதவை மூடாமல் போகிறவர்களைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று தினேஷ் மாட்டினான்.

கடைசியாக ஒன்று. எங்கே நிறுத்தினாலும் இறங்கி மேல் ஜன்னலில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடு வந்தால் உள்ளே குளிர்கிறது என்று அர்த்தம். அதற்கு ஒரு நொடி போதும். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் அந்தப் புது மஞ்சள் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். அப்போது மட்டும் நான் அவரைக் கேலி செய்வதில்லை.