கால்மாட்டுக் கட்டைகள்

'மல்லாக்க' என்று சொன்னதற்காக நர்ஸ் படிப்பில் நான் ஸ்கேலால் அடி வாங்கியிருக்கிறேன். 'சுப்பைன்' என்று சொல்ல வேண்டுமாம். குப்புறப் படுத்தால் 'ப்ரோன்', ஒருக்களித்துப் படுத்தால் 'லேட்டரல்'. படுக்கிறவள் மயிலாப்பூர்க்காரி, படுக்க வைக்கிற நான் சாந்தோம்காரி. எங்களுக்கு நடுவில் லத்தீன் எதற்கு? அது எங்கள் மாதா கோயில் பூசையோடு நின்றால் போதாதா? இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அது யுத்த காலம். குண்டு விழும் என்று பாதிப் பட்டணம் காலியாகியிருந்தது. பிரசவ வார்டுக்கு நானும் ஓர் ஆயாவும்தான். ஒரு மத்தியானம், பிள்ளை பெற்ற பெண் ஒருத்திக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. டாக்டரம்மா வந்து ஊசி போட்டார். கட்டிலின் கால்மாட்டை உயர்த்தும்படி இங்கிலீஷில் உத்தரவு போட்டுவிட்டுப் போனார். கால் உயர்ந்தால் மிச்சமிருக்கும் ரத்தமாவது தலைக்குப் போய்ச் சேரும். நானும் ஆயாவும் கால்மாட்டுப் பக்கம் கட்டிலுக்கு அடியில் இரண்டு மரக்கட்டைகளைக் கொடுத்தோம். பக்கத்திலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்ற அவள் மாமியாரிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மருந்து அறைக்குப் போய்த் திரும்பி வந்தால், ஐயோ! கட்டை வைத்த உயரமான பக்கம் பெண்ணின் தலை இருக்கிறது. கால் பள்ளத்தில் கிடக்கிறது. உதடு வெளுத்துவிட்டது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

"என்ன மாமி இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று கத்திவிட்டேன்.

"வடக்கே தலை வெச்சுண்டு படுத்திருந்தாளே! பிள்ளை பெத்தவளை அப்படி விடலாமோ? அதான் அக்கம்பக்கத்துல நாலு பேரைக் கூப்பிட்டுத் திருப்பிப் படுக்க வெச்சேன்" என்றார் மாமியார்.

நாடி விரலுக்குச் சிக்கவில்லை. மறுபடி அவளைத் தூக்கிப் புரட்டப் பயந்து மரமாய் நின்றேன். ஆயாதான் அதட்டினாள். "இன்னாமா பாத்துக்கினு கீறே? பொண்ண ஆட்டாதே, கட்டைய மாத்து!"

நானும் மாமியாரும் கட்டிலைத் தூக்கிப் பிடிக்க, ஆயா கட்டைகளை உருவி, இப்போது கால் இருந்த பக்கம் சொருகினாள். வெகுநேரம் கழித்து நாடி மெல்லத் தட்டுப்பட்டது. பெண் தண்ணீர் கேட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்குள் டாக்டரம்மா வந்தார். வந்ததும் என்ன கேட்டார் தெரியுமா? இந்த ஒரு கட்டிலில் மட்டும் தலை ஏன் எதிர்ப்பக்கம் இருக்கிறது, வார்டின் வரிசை கெட்டுப்போகிறதே என்று! பிழைத்தவளைப் பார்க்காமல் வரிசையைப் பார்க்கிற கண்ணும் ஒரு கண்ணா? விஷயத்தைச் சொன்னதும் மாமியாரைப் பார்த்து இங்கிலீஷிலேயே மூடநம்பிக்கை, முட்டாள்தனம் என்று பொரிந்து தள்ளிவிட்டுப் போனார்.

"என்ன சொல்லிட்டுப் போறா?" என்று மாமியார் என்னைக் கேட்டார். திட்டை விட்டுவிட்டேன். காலை எதற்காக உயர்த்தினோம் என்பதை மட்டும் சொன்னேன். சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இவ்வளவுதானா? இதை அப்பவே சொல்லப்படாதோ? வடக்காவது தெற்காவது! நானே அவ காலைத் தூக்கிப் பிடிச்சுண்டு நின்னிருப்பேனே!"

டாக்டரம்மாவுக்குத் தமிழ் வராது. எனக்கு வரும். இந்த மாமிக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று வாயை மூடிக்கொண்டு மருந்து அறைக்குப் போனவள் நான்தான்.