கிளியம்மாளின் இலுப்பை

கிளியம்மாள் குரலெடுத்தால், ஒரகடத்தில் ஷிப்டு சங்கு ஊதிவிட்டதென்று பென்னலூரில் ஆட்கள் பஸ் ஏறிவிடுவார்கள். அந்தக் குரலைத்தான் பக்கத்து ஹாஸ்டல்காரர் ஏகாம்பரம் சீண்டினார்.

சேரப்பணஞ்சேரியில் அவள் வீட்டுக்குப் பின்னால் மிஞ்சியிருந்த தோப்பில் கிழட்டு இலுப்பை ஒன்று நின்றது. அதன் நிழலில் கேட்காமலே காரை நிறுத்திவந்த ஏகாம்பரம், பட்ட கிளை விழுந்து கண்ணாடி உடைந்ததும் குதித்தார்.

“ஞாயித்துக்கெழமைக்குள்ள வெட்டல, நானே மெஷின் வுட்டு சாய்ச்சிடுவேன்!”

“மரமா உங்க காரைத் தேடிக்கினு வந்துச்சு?” என்றாள் கிளியம்மாள்.

சனிக்கிழமை அவள் வீட்டில் குடியிருக்கும் தளவாய், பாக்டரி லீவு நாளென்று பாராமல் கயிறு கட்டி மரமேறினான். அடிமரம் உள்ளே பொக்கை. காற்றில் முறியாமலிருக்கத் தலைப்பாரத்தைக் குறைக்க வேண்டும்.

“பட்டதெல்லாம் எறக்கு. பச்சையில நுனிய மட்டும் கழி. மொட்டையடிச்சே, உன்ன கீழ எறங்க வுடமாட்டேன்!”

“சத்தம் போடாதியக்கா, மரம் நடுங்குது!”

விழுந்த கிளைகளை அவள் வெளியே எறியவில்லை. வேர் பரவிய தூரத்துக்கு இரட்டை வரிசையாக முளையடித்து, நடுவே கிளைகளை அடுக்கி மிதித்து, மரத்தைச் சுற்றி இடுப்பளவு வேலி கட்டினாள். கார் நிற்கும் இடமும் வேலிக்குள் போய்விட்டது.

மறுநாள் ஜேசிபி மெஷினோடு வந்த ஏகாம்பரம் திகைத்தார். “என் காரை எங்கம்மா வுடறது?”

“கிளை விழுதுன்னீங்க, விழறதெல்லாம் எறக்கிட்டேன். இனிமே மரத்தைத் தொடணும்னா என்மேல ஏத்திக்கினு வாங்க!”

மெஷின்காரன் இஞ்சினை அணைத்தான். அதற்குள் வேலியில் குடியேறியிருந்த ஓணான் ஒன்று, கிளியம்மாளைப் போலவே தலையை ஆட்டி ஏகாம்பரத்தை மிரட்டியது.