இறப்பர் செருப்பும் பரிஸ் கோலும்

நேற்றுப் பின்னேரம் முதல் இடி இடித்ததுமே நான் ஓடிப்போய் இன்ரநெற் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். மகள் மாடியிலிருந்து கத்தினாள். "அப்பா! வை-ஃபை போயிட்டுது! சேர்ஜ் புரொட்டெக்டர் இருக்குத்தானே!" இருக்கட்டும். அது மின்னலைத் தடுக்கும் என்று நம்ப எனக்கு இன்னும் மனம் வரவில்லை. காரணம் நேசன் அண்ணை.

தொண்ணூறுகளின் தொடக்கம், ஊரைவிட்டு வெளிநாடு வந்த புதிது. சென் ஜேம்ஸ் ரவுணில், பதினாறாம் மாடியில், ஐந்து பிரமச்சாரிகள் ஒரே வீட்டில் இருந்தோம். நேசன் அண்ணைதான் மூத்தவர். அவர் பிரிட்ஜில் ஒட்டிய முறை அட்டவணையில் சமையல், கழுவல், குப்பை என்ற வரிகளுக்குக் கீழே 'மின்னல்' என்றும் ஒரு வரி இருக்கும். சிரிக்காதீர்கள். மின்னல் முறைக்காரன் ஊரிலிருந்து வந்த ஒரேயொரு சோடி இறப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு எல்லாப் பிளக்கையும் பிடுங்க வேண்டும். பல்கனியிலிருந்து ரிவிக்கு வரும் ஏரியல் வயரையும் கழற்றி வெளியே எறிய வேண்டும். அந்தப் பழைய ரிவி அண்ணைக்குப் பிள்ளை மாதிரி. செருப்போ எனக்குச் சின்னது, குதி வெளியே நிற்கும். குதியால் கரண்ட் பாயாதா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

ஒரு சனிக்கிழமை நான்கு மணிக்கு, எனக்குப் பேசியிருந்த வதனி பரிஸிலிருந்து கோல் எடுப்பதாக இருந்தது. கலியாணத்துக்குச் சம்மதமா இல்லையா என்று அன்றுதான் சொல்லப்போகிறாள். மூன்றே முக்காலுக்கு வானம் கறுத்தது. அட்டவணையைப் பார்த்தேன். மின்னல் என் முறை.

எல்லாவற்றையும் பிடுங்கினேன். வயரை எறிந்தேன். போனில் மட்டும் கைவைக்கவில்லை.

"உந்தப் போனையும் கழட்டடா. காதுக்குள்ளால மின்னல் வரும்," என்றார் அண்ணை.

"வரட்டும் அண்ணை. ஓமோ இல்லையோ எண்டு கேட்டுட்டுச் சாகிறன்."

அவருக்கும் கலியாணமாகவில்லை. மனம் இளகிவிட்டது. கால் நிலத்தில் படாதபடி என்னை மரக்கதிரையில் ஏற்றி, இரண்டு கைக்கும் பனிக்காலக் கையுறை மாட்டிவிட்டார். போன் அடித்தது. இடியும் சேர்ந்து இடித்தது. கதிரையைச் சுற்றி நின்ற நால்வரும், இடி விழாமலிருக்க, "அருச்சுனா, அருச்சுனா" என்று கும்பிட்டார்கள்.

"அங்க என்ன, பூசையே நடக்குது?" என்றாள் வதனி.

உள்ளதைச் சொன்னேன். கதிரை, கையுறை, செருப்பு, குதி, எல்லாம். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"எனக்கு ஓம்," என்றாள். "முதல்ல போனை வையுங்கோ. நீங்கள் உயிரோட வேணும்."

எல்லோரும் என்னைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். ஆடும்போதுதான் அண்ணையின் காலுறை நனைந்தது. நான் எறிந்த வயர் கதவிடுக்கில் கிடந்ததால் பல்கனிக் கதவு சரியாக மூடியிருக்கவில்லை. மழை நேரே ரிவிக்குள் அடித்துக்கொண்டிருந்தது. மின்னலிடமிருந்து நாங்கள் காப்பாற்றிய ரிவி தண்ணீரில் போய்ச் சேர்ந்தது.

"பரவாயில்லை, கலியாணத்துக்கு வீடியோ எடுத்தா அதைப் பாக்கப் புதுசு வேணும்தானே," என்றார் அண்ணை. அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த அன்பு இன்னும் குறையவில்லை.

பிறகு அவர் பிறம்ரன் நகருக்குக் குடிபோனார். அங்கிருந்தும் ஒவ்வொரு இடிக்கும் எனக்குப் போன் எடுத்துக் கேட்பார்: "போனைக் கழட்டிப்போட்டியே?"

போன வருடம் அண்ணை காலமானார். அந்தச் செருப்பும் எந்த வீடு மாறும்போதோ தொலைந்துவிட்டது. நேற்றுப் பிளக்கைப் பிடுங்கிய பிறகு, போனைக் கையில் வைத்துக்கொண்டு, மழை விடும்வரை அப்படியே நின்றேன்.