பீடி நெருப்பும் அம்மாவின் பலூனும்

குற்றாலத்துச் சாரலில் என் மகள் பலூன் கேட்டாள். கடைவீதியில் நின்ற பலூன்காரரின் சிலிண்டரில் ஹீலியம் என்று எழுதியிருந்தது.

"கேஸ் பலூன் வேண்டாம், பத்திக்கிடும்" என்றார் கணவர். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

நான் பத்தாம் வகுப்பு படிக்கையில் இதே கடைவீதியில் அம்மா ஹீலியம் பலூன் விற்றாள். ஒருநாள் வேறொருவர் விற்ற ஹைட்ரஜன் பலூனில் பீடி நெருப்பு பட்டு, ஒரு குழந்தையின் கை வெந்துவிட்டது. உடனே கடைக்காரர்கள் அம்மாவையும் கிளம்பச் சொன்னார்கள்.

"இது ஹீலியம், எரியாது அண்ணாச்சி" என்றேன்.

"ஏட்டி, எல்லாம் ஒரே கேஸ்தான்" என்றார் சிப்ஸ் கடை அண்ணாச்சி, பீடியை இழுத்தபடி.

"ஹைட்ரஜன்ல ஒரு எலக்ட்ரான்தான். இன்னொண்ணுக்கு இடம் காலியா கெடக்கு, அதான் ஆக்சிஜனோட சேந்து எரியுது. ஹீலியத்துல ரெண்டு, கூடு நெறஞ்சிட்டு. அதுக்கு எவன் தயவும் வேண்டாம்."

அவர் சிரித்தார். அவர் பீடியைப் பிடுங்கி எங்கள் பலூனில் வைத்தேன். எல்லோரும் சிதறி ஓடினார்கள். டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தீ இல்லை. அம்மா மட்டும் நகரவில்லை. ஓடியவர்கள் திரும்பி வந்தபோது அடுத்த பலூனில் ஹீலியம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பலூன் குடுங்க, ஒண்ணு பிள்ளைக்கு" என்றேன் பலூன்காரரிடம். பிறகு கணவர் பக்கம் திரும்பினேன்.

"நீங்க போயி ஒரு பீடி வாங்கிட்டு வாங்க."