என் தங்கை மண் தின்னவில்லை

டாக்டரய்யா, நீங்கள் என் தங்கையின் மேல் பழி போட்டீர்கள். வெளுத்த முகத்தைப் பார்த்தீர்கள், களிமண் பொம்மைக் கம்பெனியில் வேலை என்று கேட்டுக்கொண்டீர்கள், வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி, "மண்ணு திங்கிறியாம்மா? அத நிறுத்து, ரத்தம் தானா ஊறும்" என்றீர்கள். ரத்தத்தைச் சோதிக்காமல் இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தீர்கள்.

அந்த வரிசையில் எங்கள் கம்பெனிப் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. அச்சில் களிமண் கரைசல் ஊற்றிக்கொண்டிருந்த என் தங்கையிடம், "ஏன்டி, மண்ணு மூட்ட எடை கொறையுதாமே, எவ்ளோ உள்ள போச்சு?" என்றாள் ஒருத்தி.

"உனக்கும் ஒரு உருண்ட வெச்சிருக்கேன், வாயத் தொற" என்றாள் இவள். அவள் அப்படித்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுதாள்.

நானும் யோக்கியம் இல்லை. அவள் குளிக்கப் போன நேரத்தில் அவளுடைய சாப்பாட்டுப் பையைத் துழாவினேன். ஒரு சீப்பும், எனக்கென்று வாங்கி வைத்த கடலை மிட்டாயும்தான் இருந்தன.

கண் மஞ்சளானதும் புதுச்சேரிக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். ரத்தத்தில் இருக்கும் சிவப்பணு தன்னைவிடக் குறுகலான ரத்தக்குழாயிலும் நெளிந்து போகக்கூடியது. கிருமியைப் பிடிக்க உடம்பு செய்கிற எதிர்ப்புப் புரதம் இவளுக்குச் சொந்தச் சிவப்பணு மேலேயே ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இடத்தின் தோலை மண்ணீரலில் இருக்கும் காவல் அணுக்கள் கிள்ளிக் கிள்ளி எடுக்கின்றன. மிச்சம் உருண்டையாகி விறைத்து, நெளிய முடியாமல் அங்கேயே உடைகிறது.

"காய்ஞ்ச மண்ண வளைச்சா வெடிக்குமே, அந்த மாதிரிங்களா?" என்றாள் தங்கை.

"அதேதாம்மா. உனக்கு இரும்புச்சத்து கொறையவே இல்ல."

அவர் கொடுத்த மாத்திரையில் ரத்தம் ஏறியிருக்கிறது. அதே மாத்திரையால் முகம் உப்பிவிட்டது, எப்போதும் பசி. "யக்கா, இந்தப் பசிக்கு நெசமாவே மண்ணத் தின்னுடுவேன் போலருக்குது" என்கிறாள். தோசை சுட்டுக் கை ஓய்ந்தாலும் சுட்டுப் போடுகிறேன்.

ஆனால் கம்பெனியில் அவள் பெயர் இன்னும் மண்ணுதின்னிதான். நான் சொன்னால், "டாக்டரே சொன்னாரே" என்கிறார்கள். உங்களிடம் தனியாக ரிப்போர்ட்டைக் காட்டினேன். "அப்படியா, சரிம்மா" என்று மெதுவாகச் சொல்லி அனுப்பிவிட்டீர்கள். எனக்கு அது போதாது. திங்கட்கிழமை காலை அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவள் மண் தின்றாளா இல்லையா என்று, நிற்கிறவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்.