அவர் மடக்கினால் என் விரல் மடங்கும்

பக்கவாதம் வந்த பிறகு என் வலது கை விரல்கள் மடங்கியே கிடந்தன. துபாயில் இருக்கும் மகன் ஒரு மோட்டார் கையுறை வாங்கி அனுப்பினான். அது ஒரு ஜோடி. ஒன்றை நல்ல கையில் மாட்ட வேண்டும், மோட்டார் வைத்ததை வராத கையில் மாட்ட வேண்டும். நல்ல கையை மடக்கி நிமிர்த்தினால் மற்றதையும் அது மடக்கி நிமிர்த்திவிடும்.

என் வீட்டுக்காரர் வயர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். வயர் உள்ள எதையும் அடுத்தவர் தொடப் பொறுக்கமாட்டார். முதல் நாளே நல்ல கைக்கான உறையைத் தன் கையில் மாட்டிக்கொண்டார்.

"அது எனக்குள்ளதுங்க" என்றேன்.

"நீ ஏனோதானோன்னு செய்வ. நான் ஒழுங்கா மடக்குதேன். நீ சும்மா இரிட்டி."

டி.வி. பார்த்தபடியே மடக்குவார். செய்தியில் யாராவது எதையாவது பேசினால் கோபத்தில் அவர் கை முஷ்டியாகும், என் கையும் முஷ்டியாகும். மூக்கைச் சொறிந்தால் என் விரல்கள் துடிக்கும். குற்றாலத்தில் சீசன் நேரம், வீடு நிறைய விருந்தாளிகள். அருவியில் குளித்துவிட்டு வந்து ஆளுக்கொரு தடவை மாட்டிப் பார்த்தார்கள். "அண்ணே, மைனி கை நான் சொன்னபடி கேக்கு" என்று நாத்தனார் சிரித்தாள். எனக்கு அந்த உறையைக் கழற்றி வீசத் தோன்றியது. விருந்தாளிகள் முன்னால் வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

தென்காசியில் பிசியோதெரபி பார்க்கும் பெண், "வீட்ல பயிற்சி பண்ணுதீங்களாம்மா?" என்று கேட்டது.

"தினமும் நான்தான் பண்ணுதேன்" என்றார் இவர்.

அந்தப் பெண் இவர் கையைப் பிடித்துப் பார்த்தது. "சார், உங்க கைக்கு ஒண்ணும் இல்லையே. அசைக்கணும்னு அம்மால்லா நினைக்கணும்? நீங்க நினைச்சா அவங்களுக்கு எப்படி வரும்?"

திரும்பும்போது பஸ்ஸில், "இதை நீ முதல்லயே சொல்லியிருக்கலாம்லா" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதன்பின் நானே மாட்டிக்கொண்டேன். சீசன் முடியும் சமயம், ஒரு மத்தியானம் மோட்டார் ஓடாமலே ஆள்காட்டி விரல் லேசாக நிமிர்ந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரலைப் பார்த்தார். பிறகு எட்டி பிளக்கைப் பார்த்தார்.

"சுவிட்ச் ஆஃப்ல கிடக்கு" என்றார். மறுபடியும் விரலைப் பார்த்தார்.

இப்போது டம்ளர் பிடிக்க வருகிறது, சேலைக் கொசுவம் வைக்க வரவில்லை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் மடக்கு, இன்னும் கொஞ்சம்" என்கிறார். வேறு அறைக்குப் போய் மடக்கினால் அங்கேயும் வருகிறார்.