குவித்து அளந்த மாவு

அகரத்துப் புவனேஸ்வரிக்குத் தாராளமான கை. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சாணார்பட்டிப் பக்கம் நிலம் வைத்து விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டில் பிறந்தவள். களத்தில் கூலி நெல் அளக்கும்போது படியைக் குலுக்கி, அமுக்கி, கோபுரமாகக் குவித்துத்தான் போடுவார்கள் அந்த வீட்டில். படியின் தலையைத் தட்டிச் சமமாக்கி அளந்தால் குடும்பம் விளங்காது என்பது அவர்கள் நம்பிக்கை. நல்ல பழக்கம்தான், யார் இல்லையென்றது? ஆனால் இந்தத் தர்மமெல்லாம் கேக்குக்குத் தெரியுமா?

பதினோரு வருஷமாக நூல் மில்லில் நின்றபடியே வேலை. முப்பத்தெட்டு வயதுக்குள் கெண்டைக்கால் நரம்பெல்லாம் சுருண்டு புடைத்துவிட்டது. வீட்டோடு ஒரு தொழில் அமைந்தால் மில்லுக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிடலாம் என்றுதான் கரண்டு அடுப்பு ஒன்று வாங்கி, செல்போனில் வீடியோ பார்த்துக் கேக் சுடப் பழகினாள்.

தாடிக்கொம்பு பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருக்கும் முகமது பாரூக் நல்ல மனுஷர். "கொண்டா தங்கச்சி, வித்துப் பாப்போம்" என்றார். முதல் தட்டில் ஒரு துண்டைக் கடித்துவிட்டுத் தாடையைத் தடவிக்கொண்டார். இரண்டாவது தட்டில் விற்றது மூன்றே துண்டு.

"கோவிச்சுக்கிறாதம்மா. இத டீயில முக்குனா கிளாசு ஒடஞ்சுரும் போல. வெள்ளிக்கிழம இன்னொரு தட்டு கொண்டா. அதுவும் இப்படின்னா நான் பேக்கரியிலயே வாங்கிக்கிறேன்."

அவளுக்கு அழுகையாக வந்தது. அடுப்பைத் திட்டினாள், பேக்கிங் பவுடரைத் திட்டினாள், முட்டையிட்ட கோழியைக்கூட விடவில்லை.

அவள் புருஷன் பாண்டியராஜ் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் எடை போடுகிறவன். நாளெல்லாம் மல்லிகையும் கனகாம்பரமும் நிறுத்து நிறுத்து, எதைப் பார்த்தாலும் அவனுக்குக் கிராம்தான். வியாழக்கிழமை சாயங்காலம் முதலாளியிடம் கேட்டு, கடையின் சின்ன எலக்ட்ரானிக் தராசை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"வீடியோவுல என்ன அளவு சொல்றாக?"

"ஒரு கப்பு மைதா. நூத்தியிருவது கிராமாம்."

"நீ எப்பவும் அளக்குற மாதிரியே அள, பாப்போம்."

அளந்தாள். கப்பைத் தரையில் மூன்று தட்டு, மேலே ஒரு குவியல். தராசு நூற்றெண்பது காட்டியது.

"ஆத்தாடி! அறுவது கிராமு கூட."

"கூடத்தான போட்டேன்? கொறச்சா போட்டேன்?" என்று சண்டைக்கு வந்தாள் புவனேஸ்வரி.

"கூடப் போட்டதுதான் வினை. சரி, பால எதுல அளந்த?"

"அதே கப்புலதான்..." என்றவள் அப்படியே நிறுத்தினாள். பாலை யாரால் குவித்து அளக்க முடியும்? விளிம்புக்கு மேல் போனால் வழிந்துவிடும். ஆக, மாவு ஒன்றரைப் பங்கு, பால் ஒரே பங்கு. கல்லாகாமல் பின்னே பஞ்சாகவா வரும்?

மாவைச் சலித்து, கரண்டி கரண்டியாகத் தராசில் போட்டாள். நூற்றிருபது வந்ததும் நிறுத்தினாள். இன்னொரு பிடி போடச்சொல்லி விரல் துடித்தது.

"யாரையோ ஏமாத்துறாப்புல இருக்குங்க."

"மாவுக்கு நீ என்ன கூலியா அளக்குற? போட்டது போதும், கலக்கு."

அதே கப்பில் தலைதட்டிப் போட்ட சீனி இருநூறு கிராம் நின்றது. ஒரே கப்பு, ஆளுக்கொரு எடை! இதென்ன கூத்து என்று முணுமுணுத்துக்கொண்டே, வீட்டிலிருந்த சாமான் ஒவ்வொன்றையும் நிறுத்து, காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி அடுப்புக்கு மேலே மாட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை. பாரூக் ஒரு துண்டை எடுத்துப் பிட்டு வாயில் போட்டார். இன்னொரு துண்டு எடுத்தார். புவனேஸ்வரி அவர் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, இம்புட்டு நாளு இத எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்றார். "தெனம் நாப்பது துண்டு குடுக்க முடியுமா? நாளைக்கே ஆரம்பிச்சிருவோமா?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு முடியாதுண்ணே. திங்கக்கிழமையில இருந்து தாரேன். நாளைக்கு மில்லுக்குப் போயி, இனிமே வரமாட்டேன்னு சொல்லிட்டு வரணும்."